மூன்றாவது தண்ணீர்

என் மகளுக்கு வீட்டில் சுரண்டி என்று பெயர். வைத்தது நான்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே எந்தத் துணி கிடைத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். போர்வை ஓரம், என் சட்டைக் காலர், பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் சால்வை, எதையும் விட்டதில்லை. "உங்க பொண்ணு என் முதுகைச் சுரண்டறா" என்று ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சொன்ன அன்று பெயர் நிலைத்துவிட்டது. அவள் பெரியவளாகி எவ்வளவோ கெஞ்சியும் நாங்கள் மாற்றவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு, அதற்குப் பாதி தலையணை உறை. வாந்தி, மருந்து, சீழ், ரத்தம் என்று எது எந்தத் தண்ணீரில் போகும் என்பதைக் கரைத்துக் குடித்தவன் நான். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டுவிட்டால் ரத்தம் நூலிலேயே வெந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு எதற்கும் அசையாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு துணியையும் கெடுத்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். கல்யாண வீட்டில் சொல்வேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வேன். என் மனைவி மட்டும் உடனே, தன் தோல் கைப்பையை நான் ஊறவைத்த கதையை எடுத்துவிடுவாள். பை துணியில் சேராது என்பது என் வாதம்.

"எதைக் கண்டாலும் ஊறவைக்கணும் இந்த மனுஷனுக்கு. நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் ஊறவெச்சிடுவார்" என்பாள். அவள் செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பிடித்து அளவு பார்த்துவிட்டு வருகிறவள். அங்கே அடக்கி வைத்த வாயை வீட்டுக்கு வந்துதான் அவிழ்ப்பாள்.

சுரண்டி பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போடும் துணியில் உள்ளங்கை அளவு வெட்டிக்கொண்டு வருவேன். கண்ணை மூடச் சொல்லி அவள் கையில் வைப்பேன். இரண்டு விரலால் ஒரு தேய்ப்பு. "பருத்தி பாதி, பாலியஸ்டர் பாதிப்பா. நெறைய தடவை வெளுத்தது. தலையணை உறை" என்பாள். தப்பு வந்ததே இல்லை. பெருமை தாங்காமல் ஒருமுறை எங்கள் மேலாளரிடம் சொன்னேன். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று கேட்டார். அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள்.

வடிவமைப்புக் கல்லூரியில் துணிக்கும் நாருக்கும் தனிப் பிரிவு. நாலு வருஷம். அவள் கொண்டுவந்த வீட்டுப்பாடத்தைப் பார்த்தால் எங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. நூலைத் தீக்குச்சியில் கொளுத்தி முகர்ந்து பார்ப்பாள். பருத்தியில் காகிதம் எரிகிற வாசனை வரும், கம்பளியில் முடி கருகுகிற நாற்றம் வரும், பாலியஸ்டர் உருகி மணி மணியாகத் திரளும். இந்த ஆராய்ச்சியில் எங்கள் கூடத்துத் திரைச்சீலை ஒன்று போய்ச் சேர்ந்தது. வெங்காயச் சருகில் ஒரு சாயம், துருப்பிடித்த ஆணியில் ஒரு சாயம், தேயிலையில் ஒரு சாயம். குளியலறையில் எந்த வாளியில் என்ன ஊறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். அப்பனும் மகளும் சேர்ந்து வீட்டை ஈரம் காயவிடுவதில்லை என்று மனைவி கத்துவாள். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஊறவைக்கிற புத்தி என்னிடமிருந்து போனதுதானே.

இரண்டாம் வருஷத்தில் ஒருநாள், துணி உலர்த்தும் எந்திரத்தின் சல்லடையில் சேருகிற பஞ்சுத் தூசியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். குப்பையில் கொட்டுகிறோம் என்றேன். மறுநாளிலிருந்து அவளுக்குப் பை நிறைய தூசி சுமந்துவருவது என் வேலையாயிற்று. சாம்பலும் நீலமும் கலந்த தூசி. அதைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காகிதமாக்கினாள். நூலாக முறுக்கிப் பார்த்தாள், அறுந்தது. கொஞ்சம் கம்பளி கலந்து முறுக்கினாள், நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைத் தடித்த நோட்டில் ஒட்டி, என்ன செய்தாள், எது தோற்றது என்று பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். மாதிரிப் புத்தகம் என்று அதற்குப் பெயர். நாலு வருஷத்தில் பதினொரு புத்தகம் சேர்ந்தது.

கடைசியில் மதிப்பீடு வந்தது. ஐந்து ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவள் பதினொரு புத்தகத்தையும் மேசையில் அடுக்கியிருக்கிறாள். ஐவரில் தலைமை ஓர் அம்மாள். முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போடுவதால் பிள்ளைகள் அவரைக் கண்ணாடி டீச்சர் என்பார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, மாதிரி நிறைய இருக்கிறது, பொருள் எங்கே என்று கேட்டாராம். தேறவில்லை என்று எழுதிவிட்டார்கள். அரை வருஷம் கழித்து இன்னொருமுறை வரலாம். முழுதாக முடித்த ஒரே ஒரு பொருளோடு வர வேண்டும். அதிலும் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. மூன்றாவது தடவை என்ற பேச்சே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து விரிப்பின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போகிறவன் என்பதால் நான் கூடத்தில் தனிக் கட்டிலில் படுப்பேன். "இனிமே காலையில உங்க விரிப்பை நீங்க மடிக்க வேணாம்பா. அப்படியே போட்டுட்டுப் போங்க. நான் மடிக்கிறேன்" என்றாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் மனைவியிடம் கேலியாகச் சொன்னேன்.

பிறகு தையல் எந்திரத்தை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் மாதம் ஒருநாள் என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். கையில் வெள்ளையாக ஒரு துண்டு, தாள் என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் முகத்துக்குக் கட்டுகிற துணி மாதிரி மெல்லியது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலால் தைத்திருந்தாள். முதலில் அதைப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். துணி எங்கே போனது என்றே தெரியவில்லை. நூல் மட்டும் வலையாக மிதந்தது.

"துணியே இல்லாம துணிப்பா" என்றாள். "ஆனா ஒரு நூல் இன்னொண்ணைத் தாண்டிப் பிடிச்சிருக்கணும். பிடிக்கலைன்னா தாள் கரைஞ்சதும் எல்லாம் அவிழ்ந்துடும்."

"சாதாரணத் தண்ணி பட்டா?"

"பச்சைத் தண்ணில ஒண்ணும் ஆகாதுப்பா. கொதிக்கணும்."

அவள் படிப்பு சம்பந்தமாகச் சொன்னதில் எனக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான். தண்ணீர் சம்பந்தப்பட்ட விஷயம் ஆயிற்றே. பச்சைத் தண்ணீரில் ஒன்றும் ஆகாது. இதை நான் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் செய்ய நினைத்தது ஒரு விரிப்பு. மூன்றடிக்கு ஐந்தடி. துணி கிடையாது, நூல் மட்டும். ஒரு ஆள் படுத்து எழுந்த பிறகு விரிப்பில் விழுந்து கிடக்கும் சுருக்கங்களை ஒவ்வொன்றாக அந்தக் கரைகிற தாள் மேல் நூலால் போட்டுக்கொண்டு போனாள். வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளை நூல், நிழல் விழும் இடத்தில் என் எந்திரத்துத் தூசியும் கம்பளியும் கலந்து முறுக்கிய சாம்பல் நூல். ஆஸ்பத்திரி விரிப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவும் இல்லை. வேலை முடிந்து வந்து சாப்பிட்டபடி எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். நான் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். அந்தத் தாளை விட்டுவிட்டேன் அப்பா, கொதிக்கவைத்தால் கம்பளி நூல் சுருங்கிவிடுகிறது, இப்போது வாங்கியிருப்பது வேறு, பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். இதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது என் காதில் விழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வரி வரியாக ஞாபகம் வந்தது. பார்க்க இரண்டு தாளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமாம். நான் என்றைக்குத் தேய்த்துப் பார்த்தேன்.

மதிப்பீட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது சுருக்கம் எல்லாம் போட்டு முடித்துவிட்டாள். இனி அவற்றை ஒன்றோடொன்று பிடித்துக் கட்டுகிற மெல்லிய வலைத் தையல்தான் பாக்கி. மேலேயிருந்து ஆரம்பித்தாள். அவசரம். எந்திரத்தின் ஊசி ஆட்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு நாள் இருக்கும்போது நான் வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மனைவி கடையில் இருந்தாள். சுரண்டி, காட்சிக்கு வைக்கும் சுவரில் தன் இடத்தைக் குறித்துவிட்டு வரக் கல்லூரிக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசை மேல் ஒரு பலகை. அதில் குண்டூசி குத்தி அந்த விரிப்பு விறைப்பாக நின்றது. மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தாள்.

தொடாதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, போர்வையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி, சூடு கூட இருக்கும்போல, அப்படிக் கிடந்தது அது. ஒரு நிமிஷம் பெருமையாகப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் என் கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. நட்டநடுவில், வெள்ளை நூலில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ரத்தம். ஓரம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது.

இன்னும் இரண்டு நாள் விட்டால் அது போகாது. இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஐந்து பேர் வந்து பார்க்கப் போகிறார்கள், முதலில் கறைதான் கண்ணில் படும். நாலு வருஷமாக அவள் செய்வதைப் பார்த்துத் தலையாட்டியதைத் தவிர நான் அவளுக்கு ஒன்றும் செய்ததில்லை. தூசி சுமந்ததெல்லாம் ஒரு உதவியா. இப்போது என் தொழிலே அவள் மேசைக்கு வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கறையை மட்டும் நனைத்தால் சுற்றி வளையம் விழும். வெள்ளைத் துணியில் அது கறையைவிட அசிங்கம். முழுதாகத்தான் நனைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர், ஒரு கை உப்பு, பத்து நிமிஷம். குளியலறையில் பெரிய தொட்டியை நிரப்பினேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன், தரையில் ஒன்று கூட விழக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினேன். பிறகு போய் டீ போட்டுக் குடித்தேன்.

திரும்பி வந்து கையை விட்டபோது வழவழவென்றிருந்தது. கஞ்சி போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வேலையில் வழவழப்பு என்றால் சோப்போ கஞ்சியோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அது போகிறவரை அலச வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு இரண்டாவது தண்ணீர் விட்டேன். இன்னும் வழவழப்பு. மூன்றாவது தண்ணீர் விட்டேன். வழவழப்பு போய்விட்டது.

துணி வெளுக்கிறவன் கண்ணால் தேடமாட்டான். தண்ணீருக்குள் கையை விட்டால் விரல் தானாக ஓரத்தைப் பிடித்து, ஓரத்தோடு போய் மூலையைப் பிடிக்கும். நான் ஓரத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. இன்னொரு கையையும் விட்டுத் தேடினேன். மூலை இல்லை, ஓரம் இல்லை. கைக்கு வந்ததெல்லாம் நூல்.

தொட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். உடைத்தவன் அதற்குப் பிறகு என்ன செய்தான் என்று யாரும் சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு அவள் சாவி போட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. மேசையில் வெறும் பலகையைப் பார்த்திருப்பாள். குளியலறை வாசலில் வந்து நின்றாள். தொட்டியைப் பார்த்தாள், கிண்ணத்தில் குண்டூசிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து, ரத்தக் கறை இருந்ததும்மா, வெந்நீர் இல்லை, பச்சைத் தண்ணீரில்தான் போட்டேன் என்று ஏதோ உளறினேன். அவள் அப்படியே தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"கறை போச்சாப்பா?"

"போச்சும்மா" என்றேன்.

தலையாட்டினாள். கட்டுப் போட்ட விரலோடு கையைத் தொட்டிக்குள் விட்டாள்.

பிறகு இருவருமாக அந்தக் கொத்தைப் பலகையில் போட்டுப் பிரிக்கப் பார்த்தோம். மேல்பக்கம் வலை போட்ட இடம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. கீழே நாலு மாத வேலை முழுதும் முடிச்சும் சிக்குமாக இருந்தது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் பத்து நூல் கூட வந்தது. மனைவி வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய் ஓயாதவள், அன்று ஒரு வார்த்தை பேசாமல் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சிக்கெடுத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள். "என் கைப்பையோட நிறுத்தியிருக்கக் கூடாதா."

நான் கல்லூரிக்கு வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். "வேணாம்பா, நான் சொல்லிக்கிறேன்" என்றாள் சுரண்டி. கெஞ்சினேன். வரவே கூடாது என்று சொல்லிவிட்டாள். மதிப்பீட்டு நாள் காலையில் அந்தக் கொத்தைக் காயவைத்துப் பலகையோடு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. தேறவில்லை.

கடிதம் வந்த மறுநாள் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி உடுப்போடே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். கண்ணாடி டீச்சரின் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கறை, உப்பு, மூன்று தண்ணீர். நான் முடித்ததும் அலமாரியிலிருந்து அவள் பெயரிட்ட கோப்பு ஒன்றை எடுத்தார்.

"இதையெல்லாம் உங்க பொண்ணு சொல்லலியே" என்றார். "முடிஞ்சதுன்னு நெனச்சு நானே தண்ணில கரைச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கா. நாங்க மூணு தடவை கேட்டோம். விபத்தா இருந்தா சொல்லும்மா, மூணு மாசம் நேரம் கொடுக்க விதி இருக்குன்னோம். இல்லை, என் தப்புதான்னா. நூலைக் கட்டாம தண்ணில போடக்கூடாதுங்கிறது முதல் வருஷப் பாடம். நாலு வருஷம் படிச்ச பொண்ணு அதைப் பண்ணினா நாங்க எப்படித் தேத்தறது?"

இப்போது மாற்ற முடியாதா என்று கேட்டேன். ஐந்து பேரும் கையெழுத்திட்டு மேலே அனுப்பியாகிவிட்டது என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் தேவலை என்று இருந்தது, ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். போகும்போது கோப்பிலிருந்த படங்களைக் காட்டினார். முப்பது காலை, முப்பது படம். எல்லாம் ஒரே கட்டில். கூடத்து ஜன்னல், சுவரில் என் சட்டை. நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு என் விரிப்பு கிடந்த கிடையை அவள் தினமும் படம் எடுத்து வைத்திருக்கிறாள். விண்ணப்பத்தில் பொருளின் பெயர் என்ற இடத்தில் 'அப்பா எழுந்து போன பிறகு' என்று எழுதியிருந்தாள். என்னுடைய தூக்கத்தைத்தான் நான் மூன்று தண்ணீர் விட்டு அலசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் ஜன்னலோரம் தையல் எந்திரத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு துணியும் கெடுத்ததில்லைன்னு சொல்வீங்கல்லப்பா" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லவில்லை. ரத்தக் கறை படிந்த விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் போடும் முன்பு ஒவ்வொன்றின் ஓரத்தையும் இப்போது விரலால் தேய்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாவது மாதிரிப் புத்தகத்தை ஒருநாள் அவள் இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். கடைசியாக எழுதிய பக்கத்தில் அந்தச் சிக்கிலிருந்து ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் பென்சிலால், எப்போதும் எழுதுகிற மாதிரியே, 'கட்டாத நூல். பச்சைத் தண்ணீர், உப்பு, மூன்று அலசல். தோற்றது' என்று எழுதியிருந்தாள். யார் அலசியது என்று எழுதவில்லை. அதற்குப் பின்னால் எல்லாப் பக்கமும் வெறுமை. துண்டில் கறை ஏதாவது தெரிகிறதா என்று ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறேன்.

இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். பிறகு ஒருநாள், உங்கள் இடத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று அவளே கேட்டாள். வேண்டாம்மா என்றேன். மனைவியும் சொல்லிப் பார்த்தாள். வேறு படிப்பு, வேறு கல்லூரி என்று எதைச் சொன்னாலும் "பார்க்கலாம்" என்றாள். கடைசியில் நானே போய் மேலாளரிடம் கேட்க வேண்டியதாயிற்று. இந்தத் திறமையை வைத்து என்ன செய்வாள் என்று முன்பு கேட்ட அதே மேலாளர். கிழிந்த விரிப்பை ஒட்டுப்போடும் அறையில் ஒரு இடம் இருக்கிறது, வரச் சொல்லுங்கள் என்றார்.

இப்போது தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். நான் தொட்டிப் பக்கம், அவள் மேல்மாடியில் ஒட்டுப்போடும் அறை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்கிறார்கள். நேர்த்தையல், நாலு பக்கம், நூலை அறு, அடுத்தது. பஸ்ஸில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்சீட்டில் யார் சால்வை தொங்கினாலும் அந்தக் கை அசைவதில்லை. வீட்டில் நாங்கள் சுரண்டி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. முன்பு அவ்வளவு கெஞ்சியவள், இப்போது மாறியதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் மேல்மாடிக்குப் போனேன். கழித்துப்போட்ட துணிகளுக்குள் அன்று ஒரு அபூர்வமான துண்டு கிடைத்தது. ஏதோ பழைய தனியறைப் போர்வையாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையே அப்படி ஒன்றைத் தொட்டதில்லை, என்ன நார் என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளங்கை அளவு வெட்டி எடுத்துக்கொண்டேன். மாடியை இரண்டிரண்டு படியாக ஏறினேன். அவள் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணை மூடு பாப்பா" என்றேன்.

மறுக்கவில்லை. மூடினாள். கையை நீட்டினாள். உள்ளங்கையில் துண்டை வைத்தேன். ஆட்காட்டி விரலில் ஊசி இறங்கிய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்த விரல் மடங்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். துண்டு வைத்த இடத்திலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன அது, சொல்லு என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என் மனம் நோகக்கூடாது என்று கொஞ்சம் சிரித்தாள்.

"துணிப்பா" என்று சொல்லிவிட்டு, அதை ஒட்டுப்போடுகிற துண்டுகளின் குவியலில் வைத்தாள்.